64 கிலோ ரம்பமும் ஆன்ட்ரியாஸ் ஷ்டீலும்

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு எங்க டீம் எடுத்தது, மரத்துல ஏறாம தரையில நின்னபடியே கிளை கழிக்கிற ஒரு கருவி. நீளமான அலுமினியக் குழாய், நுனியில ஒரு மோட்டார், அதுல ஒரு சின்ன ரம்பச் சங்கிலி. கம்ப்யூட்டர்ல வரைஞ்சப்போ அழகா இருந்தது. செஞ்சு முடிச்சுத் தராசுல வைச்சா 9 கிலோ. தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கச் சொன்னா, டீம்லயே ஜிம்முக்குப் போற பையனால கூட ஒரு நிமிஷம் தாக்குப் பிடிக்க முடியல. ரிவ்யூவுக்கு வந்த சார் கருவியைக் கையில வாங்கினார், தூக்கிப் பார்த்தார், கீழ வைச்சுட்டு அடுத்த டேபிளுக்குப் போயிட்டார்.

அந்த வெறுப்புல, கையில பிடிச்சு மரம் அறுக்கிற மிஷினோட எடையை முதல்ல யார் எப்படிக் குறைச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினா ஒரே ஒரு பேர் திரும்பத் திரும்ப வந்துட்டே இருந்தது. அந்தப் பேர்ல இருக்கிற மிஷினை நம்மில் பலர் பார்த்திருப்போம். புயலுக்கு அப்புறம் ரோட்டுல விழுந்த மரத்தை அறுக்க வர்றவங்க கையில ஆரஞ்சும் வெள்ளையுமா இருக்குமே, அதுதான். நம்ம கடைகள்ல 'ஸ்டில்'னு சொல்றாங்க. ஜெர்மன்ல 'ஷ்டீல்'. அது கம்பெனி பேர் மட்டும் இல்லை, ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியரோட குடும்பப் பேர்.

ஆன்ட்ரியாஸ் ஷ்டீல் 1896 நவம்பர் 10 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு கொஞ்சம் அங்கே, மீதி ஜெர்மனியில். முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் சேர்ந்து காயம்பட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு ஐஸனாக் நகரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தார். படிப்பை முடித்து வெளியே வந்தபோது ஜெர்மனியில் பணத்துக்கு மதிப்பே இல்லாத காலம். வேலை தேடி அலைந்த தலைமுறை அது. 1926-ல் ஷ்டுட்கார்ட் நகரின் கான்ஷ்டாட் பகுதியில் தன் பெயரிலேயே ஒரு சின்ன நிறுவனம் தொடங்கினார். அப்போது வயது 29.

அவர் முதலில் விற்றது ரம்பம் இல்லை. நீராவி பாய்லர்களுக்கான முன் அடுப்புகளும் துணி துவைக்கிற இயந்திரங்களும்தான். பாய்லர் விஷயமாக மர ஆலைகளுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே அவர் கவனித்தது இதுதான்: காட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து இழுவை ரம்பத்தால் மரத்தைச் சாய்க்கிறார்கள். பிறகு அந்த மரத்தை மாட்டையோ குதிரையையோ கட்டி ஆலை வரைக்கும் இழுத்து வருகிறார்கள். ஆலையில் பெரிய ரம்பம் அசையாமல் நிற்கிறது, மரம்தான் அதைத் தேடி வருகிறது. இதைத் திருப்பிப் போட்டால் என்ன, ரம்பம் மரத்தைத் தேடிப் போகட்டுமே என்பதுதான் ஷ்டீலுக்குத் தோன்றிய யோசனை.

சொல்றதுக்கு ஈஸியா இருக்கு. ஆனா 'ரம்பம் போகட்டும்'னு சொன்ன உடனே அதை யாரோ தூக்கிட்டுப் போகணுமே. எடைங்கிற பிரச்சினை அங்கேயே ஆரம்பிச்சாச்சு.

1926-ல் அவர் செய்த முதல் சங்கிலி ரம்பம் மின்சாரத்தில் ஓடியது. எடை சுமார் 64 கிலோ. ஒரு முனையில் மோட்டாரோடு ஒருவர், மறு முனையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர். சாய்த்துப் போட்ட மரத்தைத் துண்டு போடத்தான் அது பயன்பட்டது. கரண்ட் இல்லாத காட்டுக்குள் அதைக் கொண்டுபோய் என்ன செய்வது? மூன்று வருடம் கழித்து, 1929-ல், பெட்ரோல் இன்ஜின் வைத்த மரம் சாய்க்கும் இயந்திரத்தைக் கொண்டு வந்தார். 6 குதிரைத்திறன், 46 கிலோ. இதற்கும் இரண்டு ஆள் வேண்டும். ஆனால் ஒயர் கிடையாது, காட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். இணையத்துல பாதிப் பேர் ஷ்டீலைத்தான் சங்கிலி ரம்பத்தைக் கண்டுபிடிச்சவர்னு எழுதி வைச்சிருக்காங்க. அது சரியில்லை. சங்கிலியில பல் வைச்சு அறுக்கிற யோசனை முதல்ல மரத்துக்கு வரவே இல்லை, எலும்புக்குத்தான் வந்தது! 1830 வாக்கில் ஜெர்மன் மருத்துவக் கருவி நிபுணர் பெர்ன்ஹார்ட் ஹைனே, கைப்பிடியைச் சுற்றினால் சங்கிலி ஓடி எலும்பை அறுக்கிற ஒரு கருவியைச் செய்தார். மயக்க மருந்து இல்லாத காலத்தில் அறுவை சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு நல்லது, அதுக்காக. மரத்துக்கு வந்தால், கனடாவில் ஜேம்ஸ் ஷாண்ட் 1918-லேயே ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார். பெட்ரோல் ரம்பத்திலும் ஷ்டீல் முதல் ஆள் இல்லை. எமில் லெர்ப் என்ற இன்னொரு ஜெர்மன்காரர் 1927-லேயே டோல்மார் என்ற மலையில் 58 கிலோ எடையுள்ள பெட்ரோல் ரம்பத்தை ஓட்டிக் காட்டிவிட்டார். அந்த மலையின் பெயர்தான் பிறகு அவர் கம்பெனிக்கும் பெயரானது. ஆக, ஷ்டீலின் பெருமை 'முதல்' என்பதில் இல்லை. வாழ்நாள் முழுக்க அதே கருவியை விடாமல் எடை குறைத்துக்கொண்டே போனதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

1930-களில் வியாபாரம் வளர்ந்தது. அதே வருடங்களில் ஜெர்மனியில் வேறொன்றும் வளர்ந்தது. ஷ்டீல் 1933-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், பிறகு எஸ்எஸ் அமைப்பிலும் உறுப்பினரானார். கம்பெனி வரலாறுகளைப் படிக்கும்போது 1929-லிருந்து நேரே 1950-க்குத் தாவிவிடுகிற கட்டுரைகள் நிறைய. நானும் அப்படித் தாவியிருக்கலாம். ஆனால் நல்ல இன்ஜினியர் என்பதால் அந்த இருபது வருடத்தை மறைத்துவிட முடியாது. போரில் ஜெர்மன் ராணுவத்துக்கும் ரம்பங்கள் தேவைப்பட்டன, அவர் கம்பெனி செய்து கொடுத்தது. குண்டுவீச்சில் கான்ஷ்டாட் தொழிற்சாலை அழிந்தது. போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் அவரைக் கைது செய்து காவலில் வைத்தார்கள். வெளியே வந்து, ஷ்டுட்கார்ட் பக்கத்திலுள்ள வைப்ளிங்கனில் மறுபடி தொழிலை எடுத்து நிறுத்தினார். கம்பெனியின் தலைமையகம் இன்றும் அந்த ஊரில்தான். ரம்பத்தை மட்டும் நம்ப முடியாது என்று கொஞ்ச காலம் டிராக்டரும் செய்து விற்றிருக்கிறார்கள்.

1950-ல் வந்தது பிஎல் மாடல். 16 கிலோ. ஒரே ஆள் தூக்கி ஒரே ஆள் அறுக்கலாம். 1954-ல் அதன் தம்பி பிஎல்கே, 11 கிலோ. இந்த எழுத்துகளுக்கு ஜெர்மனில் பெட்ரோல், லேசு, சின்னது என்று விரிவு. மாடல் பெயரிலேயே அவர் மனசில் இருந்தது தெரிகிறது இல்லையா?

அமெரிக்கர்களும் சும்மா இருக்கவில்லை. போர் வந்து ஜெர்மன் ரம்பங்கள் கிடைக்காமல் போனபோது வட அமெரிக்கக் கம்பெனிகள் சொந்தமாகச் செய்யத் தொடங்கிவிட்டன. 1949-லேயே மெக்கல்லோ கம்பெனி 25 பவுண்டு, அதாவது 11 கிலோவை ஒட்டிய ரம்பம் ஒன்றை விற்றது. லேசு என்ற ஓட்டத்தில் ஷ்டீல் அப்போது பின்னால்தான் இருந்தார்.

அவர் முன்னால் வந்தது 1959-ல், கான்ட்ரா என்ற மாடலோடு. கிட்டத்தட்ட 6 குதிரைத்திறன், 12 கிலோ. இந்த எண்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. 1929 மிஷினும் 6 குதிரைத்திறன்தான். முப்பது வருஷத்துல பவர் அப்படியே இருக்கு, 34 கிலோ காணோம்! கிலோவுக்கு 0.13 குதிரைத்திறன் இருந்தது 0.5 ஆயிடுச்சு. அந்த 34 கிலோ எங்கே போச்சு? எங்க டீம் மாதிரி, குழாயோட கனத்தைக் குறைச்சு, போல்ட்டைச் சின்னதாக்கி எடை குறைக்கலை. வேண்டாத உறுப்புகளையே எடுத்துட்டாங்க.

முதலில் கார்புரேட்டர். பழைய வகையில் பெட்ரோல் ஒரு சின்னக் கிண்ணத்தில் நிற்கும், அதில் ஒரு மிதவை இருக்கும். பழைய மொபெட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்டி நேராக நிற்கிற வரைக்கும் அது ஒழுங்காக வேலை செய்யும். மரம் சாய்க்கும்போதோ ரம்பத்தைப் படுக்கைவாக்கில் பிடிக்க வேண்டும், துண்டு போடும்போது நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மிதவை சாய்ந்தால் இன்ஜின் நின்றுவிடும். அதற்காக, இன்ஜின் நேராக நிற்க, அறுக்கும் பகுதி மட்டும் தனியே திரும்புகிற மாதிரி ஒரு அமைப்பை அந்தக் காலத்து ரம்பங்கள் பலவற்றில் சுமந்தார்கள். மிதவைக்குப் பதிலாக மெல்லிய டயாஃப்ரம் வைத்த கார்புரேட்டர் வந்ததும் ரம்பத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் இன்ஜின் ஓடும். திருப்புகிற அமைப்பு தேவையே இல்லை.

அடுத்தது கியர். இன்ஜின் வேகத்தைக் குறைத்து, விசையைக் கூட்டி, சங்கிலியை மெதுவாக ஆனால் பலமாக இழுப்பது பழைய வழி. கான்ட்ராவில் கியர்பாக்ஸே கிடையாது. கிராங்க் ஷாஃப்ட்டில் இருந்து சென்ட்ரிஃபியூகல் கிளட்ச், கிளட்ச்சில் இருந்து நேரே சங்கிலிப் பல்சக்கரம். சங்கிலி வேகமாக ஓடும், ஒவ்வொரு பல்லும் கொஞ்சமாகக் கடிக்கும். பவர் என்பது டார்க்கும் சுழல் வேகமும் பெருக்கியது என்று முதல் வருடமே படித்துவிட்டோம். டார்க்கைக் கியர் வைத்துச் சம்பாதிக்காமல், வேகத்தில் சம்பாதித்தார்கள்.

அதுவும் சங்கிலி நல்லா இருந்தாத்தான் நடக்கும். இதுல ஷ்டீலுக்குப் பங்கு இல்லை, ஆனா சொல்லாம விட மனசு வரலை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், 1946-ல் ஒரு அடிக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவை உற்றுப் பார்த்தார். ஆள்காட்டி விரல் அளவில் இருந்த அந்தப் புழு, தாடையை இடதும் வலதுமாக மாற்றி மாற்றிக் கடித்து, குறுக்கே நெடுக்கே எந்த வாக்கிலும் மரத்தைச் சுலபமாகத் தின்றுகொண்டே போனது. அதே மாதிரி இடது பல், வலது பல் என்று மாறி மாறி வருகிற சங்கிலியை அடுத்த வருடமே செய்து விற்கத் தொடங்கினார். இன்றைக்கு நாம் பார்க்கிற ரம்பச் சங்கிலிகளுக்கு அடிப்படை அதுதான். சங்கிலி சுலபமாகக் கடித்தால் இன்ஜின் சின்னதாக இருக்கலாம், இன்ஜின் சின்னதானால் தூக்குகிறவனுக்குப் பாரம் குறையும். 34 கிலோவில் அந்தப் புழுவுக்கும் ஒரு பங்கு உண்டு!

எடை குறைஞ்சதுல புதுசா ஒரு வினை வந்தது. 46 கிலோ இரும்பை இன்ஜினால பெருசா உலுக்க முடியாது. 12 கிலோவை உலுக்கும். அதே அதிர்வு விசைக்கு நிறை குறைஞ்சா ஆட்டம் கூடும், வைப்ரேஷன் பேப்பர்ல அரியர் வைச்சவங்களுக்குக் கூட இது தெரியும் (நான்தான் அது). 1950, 60-களில் ஒரு ஆள் ரம்பத்தை நாள் முழுக்கப் பிடித்த மரம் வெட்டுகிறவர்களுக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போகிற நோய் வந்தது. ரத்தக் குழாயும் நரம்பும் அதிர்விலேயே கெட்டுப்போகும், குளிர் பட்டால் விரல் வெள்ளையாகிவிடும். முதுகுக்குக் கிடைத்த சுகத்துக்கு விரல்கள் விலை கொடுத்தன. ஷ்டீல் கம்பெனி 1960-களின் நடுவில் இதற்கு ஒரு வழி செய்தது. இன்ஜினும் அறுக்கும் பட்டையும் ஒரு தொகுதி, கைப்பிடிகளும் டேங்க்கும் இன்னொரு தொகுதி, இரண்டுக்கும் நடுவில் ரப்பர். கொஞ்சம் எடை கூடத்தான் செய்யும். தெரிந்தே கூட்டினார்கள்.

இன்னொரு ஆபத்து கிக்பேக். பட்டையின் நுனி, அதுவும் மேல் பாதி, எதிலாவது பட்டுவிட்டால் ரம்பம் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். கனமான ரம்பம் மெதுவாகத் துள்ளும், லேசான ரம்பம் சட்டென்று துள்ளும். முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு காப்புத் தடுப்பு, கை அதில் பட்டால் சங்கிலி உடனே நிற்கிற பிரேக், இவை 1970-களின் தொடக்கத்தில் வந்தன. ஷ்டீல் அதைப் பார்க்கிற வரைக்கும் இருந்தார். 1971-ல் உலகிலேயே அதிக ரம்பம் விற்கிற கம்பெனி அவருடையதாகியிருந்தது. 1973 ஜனவரி 14 அன்று, 76 வயதில் காலமானார். மகன் ஹான்ஸ் பேட்டர் பொறுப்பை ஏற்றார், மகள் ஏஃபாவும் நிர்வாகத்தில் இருந்தார்.

இந்த வாழ்க்கையைப் படிச்ச பிறகு, விறகுக்கும் கிளை கழிக்கவும் லேசான ரம்பம் வாங்கணும்னு யாராவது கேட்டா என்ன சொல்லலாம்னு யோசிச்சேன். எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன் அவங்க தோப்புக்கு வாங்கப் போறான், அவன்தான் கேட்டான்.

அட்டையில போட்டிருக்கிற கிலோவை மட்டும் பார்க்காதேன்னேன். அது பெரும்பாலும் பட்டை, சங்கிலி, பெட்ரோல், ஆயில் எதுவுமே இல்லாத எடை. இன்னிக்குத் தோட்ட வேலைக்கு வர்ற சின்ன பெட்ரோல் ரம்பங்கள் 30-லிருந்து 35 சிசி, வெறும் எடை 4 கிலோவைச் சுத்தித்தான். எல்லாம் மாட்டி நிரப்பினா ஒரு கிலோவுக்கு மேல ஏறலாம். ஏறுற எடையில பாதி உடம்புக்கு முன்னால, தள்ளி உட்காரும். 12 அல்லது 14 இன்ச் பட்டை போதும்ங்கிற கிளைக்கு 18 இன்ச் கேட்டு வாங்கினா, அந்த நீளத்தை ஒவ்வொரு வெட்டுக்கும் மணிக்கட்டு தாங்கணும். சின்ன இன்ஜினும் அதை இழுக்கத் திணறும்.

மேல் கைப்பிடி மட்டும் வைச்ச குட்டி ரம்பம் இன்னும் லேசா இருக்கும், பார்த்ததும் ஆசை வரும். அது மரமேறத் தெரிஞ்சவங்க கயிறு கட்டிக்கிட்டு மேல உபயோகிக்கிறது. தரையில நின்னு விறகு அறுக்க வாங்கவே கூடாது. பின் கைப்பிடி தள்ளி இருக்கிறதுதான் துள்ளும்போது அடக்குற நெம்புகோல். அதிர்வு தாங்குற ரப்பரோ ஸ்பிரிங்கோ இல்லாத மாடலை, கால் கிலோ குறைவுங்கிறதுக்காக எடுக்காதே. கிக்பேக் குறைவா வர்ற மெல்லிய சங்கிலின்னு தனியா இருக்கு, சின்ன ரம்பத்துக்கு அதுதான் பொருத்தம். எந்த ரம்பமா இருந்தாலும் தோளுக்கு மேல தூக்கி அறுக்காதே. முக்கியமா, அரம் ஒண்ணு கூடவே வாங்கு. சங்கிலி கூரா இருந்தா செதில் செதிலா விழும், மழுங்கினா தூளா விழும். தூள் விழ ஆரம்பிச்சா நீ அழுத்தித் தள்ள ஆரம்பிப்பே. அப்புறம் லேசான ரம்பம் வாங்கினதே வீண்.

பேட்டரி ரம்பம் வாங்கலாமான்னு கேட்டான். வீட்டுப் பக்கத்துல, அரை மணி நேர வேலைன்னா தாராளமா வாங்கலாம். சத்தம் கம்மி, அதிர்வு கம்மி, கயிறு இழுக்க வேண்டாம். நாள் முழுக்கத் தோப்புல வேலைன்னா இன்னும் பெட்ரோல்தான். 1926-ல மோட்டார் வைச்சு ஆரம்பிச்ச கம்பெனி இப்போ பேட்டரி மோட்டார் ரம்பமும் விக்குதுன்னு சொன்னேன். அவனுக்கு அதுல அவ்வளவா ஆர்வம் இல்லை.

எங்க கருவி? கணக்குப் போட்டுப் பார்த்தோம். நுனியில இருந்த மோட்டார் மட்டும் 2.5 கிலோ, குழாய் 2.4 மீட்டர். கிடையாப் பிடிச்சா அந்த மோட்டாரால மட்டும் கைப்பக்கம் 59 நியூட்டன் மீட்டர் டார்க். மோட்டாரைக் கைப்பக்கம் கொண்டு வந்து, குழாய்க்குள்ள ஒரு மெல்லிய ஷாஃப்ட் விட்டுட்டோம். கியர்பாக்ஸைத் தூக்கிட்டோம். இப்போ மொத்தம் 5.6 கிலோ. ஷாஃப்ட் நடுவுல கொஞ்சம் ஆடுது, அதுக்கு ஒரு புஷ் போடணும். அடுத்த ரிவ்யூ வர்ற வியாழக்கிழமை.